ஜிம் மாஸ்டரின் நெஞ்சும் எங்க தராசும்

இன்னிக்கு வீட்டுக்காரரோட பெல்மதுளையில ஒரு ஜிம்முக்குப் போனேன்.

எங்க வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து மூட்டையை லொறியில ஏத்துறவரு. நெஞ்சு நல்லா அகலம். ஆனா நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. அதை மூடணும்னு ஒரே பிடிவாதம்.

ஜிம் மாஸ்டர் சந்தையில கத்தரிக்கா பாக்குற மாதிரி அந்த நெஞ்சை அமுக்கிப் பாத்தாரு. "மல்லி, ஊசி போட்டா மூணு மாசத்துல மூடிரும்"ன்னாரு. அவரு சிங்கள ஆளு, தம்பிக்கு மல்லி, தங்கச்சிக்கு நங்கிம்பாரு. லேபல் இல்லாத சின்ன போத்தல் ஒண்ணையும் எடுத்து வச்சாரு. எங்க ஆளு கையை நீட்டிட்டாரு.

"உங்களுக்கு மூடிருச்சா மாஸ்டர்?"னு கேட்டேன்.

பெருமையா பெனியனைக் கழட்டினாரு. ரெண்டு பக்கமும் உப்பிக் கீழ தொங்குது. பக்கம் வளர வளர நடு இடைவெளி பள்ளமாத்தான் போயிருக்கு. எண்ணெயும் வேர்வையும் அதுல வழியுது.

"அது பொறப்புல வர்ற அமைப்பு நங்கி, மாறாது"ன்னாரு மாஸ்டர்.

"அப்ப இவருக்கு மட்டும் எப்படி மூடும்?"

"ஊசி போட்டா தண்ணி ஏறும். பாக்க மூடின மாதிரி இருக்கும்."

வீட்டுக்காரர் சட்டை பட்டனைப் போட்டாரு.

நாங்க மழையில நனைஞ்சு பறிச்சிட்டு வர்ற கொழுந்துக்கே தராசுல தண்ணிக்குன்னு கிலோ கழிக்கிறாங்க. அந்த மாஸ்டரை நம்ம தராசுல ஏத்தினா எத்தனை கிலோ கழிக்கலாம்? கொழுந்து பறிக்கிறவங்க மட்டும் பதில் போடுங்க.