எங்கள் வீட்டில் கிடந்த கெல்லின் நாற்காலி

நோலீன் டிரிஃபெட்டுக்குப் பயம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். எங்கள் கோழிக்கூண்டுக்குள் பாம்பு புகுந்த அன்று என் வீட்டுக்காரர் காரின் மேல் ஏறி நின்றுகொண்டார். எதிர்வீட்டிலிருந்து மண்வெட்டியோடு ஓடிவந்து அதை விரட்டியவள் நோலீன்தான். அவள் புருஷன் ட்ரெவ் இன்னொருத்தியோடு குயின்ஸ்லாந்துக்குக் கிளம்பிப் போனபோதுகூட இரண்டு நாள்தான் அழுதாள். அப்புறம் நாங்கள் வேலை பார்த்த ஆப்பிள் கொட்டகையில் எனக்கு எதிரே நின்று பழம் பொறுக்கிக்கொண்டே, "போகட்டும் கிளெனிஸ், குறட்டையும் கூடவே போச்சு" என்றாள். கொட்டகை முழுக்கச் சிரித்தது.

அப்பேர்ப்பட்டவளை ஓர் அலுவலகம், ஒரு தடவைகூட முகத்தைக் காட்டாமல், நடுநடுங்க வைத்துவிட்டது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ட்ரெவ் போனபிறகு வீட்டுக் கடனை அவள் ஒருத்தியே கட்டவேண்டியிருந்தது. அதனால் பின்னறையை வாடகைக்கு விட்டாள். வந்தவர் கெல் உல்லி. ஆற்றங்கரைப் படகுப் பட்டறையில் வாரத்தில் சில நாள் வேலை. மனைவி இல்லை, மக்கள் இல்லை. ஒரு பெட்டியும், கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு சாய்வு நாற்காலியும்தான் அவர் சொத்து. பின்னறை பிற்பாடு ஒட்டுப்போட்டுக் கட்டியது, மெல்லிய பலகைச் சுவர். ஹியூவான் ஆற்றுப் பனி நேரே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கே ஒரு விறகுக் கணப்புதான், அதுவும் முன்னறையில். கெல் குளிர்காலம் முழுக்க விறகு பிளந்து அடுக்குவார், நோலீன் வாடகையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வாள். சாயங்காலம் அவர் தம் நாற்காலியைக் கணப்புக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொள்வார். இரண்டு பேரும் சூப் குடித்தபடி கால்பந்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள். சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

அவர்களுக்குள் ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவர்களுக்கே பதில் தெரிந்திருக்காது.

கொட்டகையை விற்றார்கள். வாங்கியவர்கள் பழம் பொறுக்க மிஷின் வைத்தார்கள், எங்கள் வேலை போயிற்று. எனக்கு வீட்டுக்காரர் பென்ஷன் இருந்தது, தப்பித்தேன். நோலீனுக்கு வயது ஐம்பத்தெட்டு, சல்லிக்காசு வருமானம் இல்லை. வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாள். வாரங்கள் போயின. தினமும் காலையில் அந்த ஆபீசுக்கு போன் போட்டு, காத்திருக்கச் சொல்லி அவர்கள் ஓடவிடும் பாட்டை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்பாள். சில நாள் கிழங்கு வெந்து, சாப்பிட்டு, தட்டும் கழுவி முடிந்த பிறகு லைன் கட்டாகிவிடும்.

"என்னடி சொல்றாங்க?"

"பரிசீலனையில இருக்காம்."

"என்னத்தப் பரிசீலிக்கறானுங்க? ஆப்பிள் பொறுக்கினவளுக்கு ஆப்பிள் இல்ல. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்க இருந்தது. ஒரு நாள் கடிதம் வந்தது. அவள் ஓர் ஆணோடு கணவன் மனைவிபோல வாழ்வதாக யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். அது உண்மையானால் கெல்லின் சம்பளமும் அவள் கணக்கில் சேரும், உதவித்தொகை கிடையாது. மறைத்தாள் என்று தெரிந்தால் வழக்கு. விசாரணை முடியும்வரை ஒன்றும் வராது. வங்கிக்காரன் ஏற்கெனவே இரண்டு தடவை எச்சரித்திருந்தான். உதவித்தொகை கிடைக்காவிட்டால் வீடு கைவிட்டுப் போகும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"யாரு கிளெனிஸ் இந்த வேலை பண்ணது?" என்றாள். கறிக்கடைக்காரனா, தபால் ஆபீஸ் பெண்ணா, தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்கிறவளா என்று அடுக்கிக்கொண்டே போனாள். பிறகு பேச்சை நிறுத்தி என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குச் சுருக்கென்றது.

"அடிப்பாவி! என்னையா சந்தேகப்படற? உன் கூட நின்னு நின்னு என் முட்டி தேஞ்சு போச்சு, நான் போய் உன்னை மாட்டிவிடுவேனா?"

"இல்லடி, இல்ல. எனக்கு யாரைப் பாத்தாலும் அப்படித்தான் தோணுது. ரோட்டுல ஒரு கார் நின்னாக்கூட ஜன்னல் திரையை இழுத்து விட்டுடறேன்." என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். தகவல் கொடுத்தது யார் என்பது இன்றுவரை தெரியாது. தெரியாமலிருப்பதே எனக்கு நல்லது, இல்லாவிட்டால் நான் சிறைக்குப் போயிருப்பேன்.

அன்றிலிருந்து அந்த வீடு இரண்டாயிற்று. குளிர்பெட்டியின் நடுவே டேப் ஒட்டினாள். இந்தப் பக்கம் அவள் பால், அந்தப் பக்கம் அவர் பால். துணி காயப்போடக் கொல்லையில் இன்னொரு கொடி கட்டினார்கள். சனிக்கிழமை கால்பந்துக்கு அவள் என்னோடு வந்தாள். அவர் மைதானத்தின் எதிர்மூலையில் தனியாக நின்று கைதட்டினார். முன்னறை ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கிறதே, கணப்புக்கு முன்னால் இரண்டு நாற்காலி கிடந்தால் போகிறவன் வருகிறவன் கண்ணில் படாதா என்று அவளுக்குப் பயம். ஒரு மழை நாளில் கெல் தம் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கொஞ்ச நாள் இங்க கிடக்கட்டும் கிளெனிஸ். உங்க நாயை மட்டும் ஏத்தாதீங்க."

"அது உங்களைவிடச் சுத்தம்" என்றேன். சிரித்தார். அவர் போன ஐந்தாவது நிமிடம் நாய் ஏறிப் படுத்துக்கொண்டது.

விசாரிக்கிறவர்கள் அவரிடமும் பேசக்கூடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நான்தான் அதிகாரி வேஷம் போட்டு இருவரையும் தயார் செய்தேன். கெல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பள்ளிப் பையன் மாதிரி உட்காருவார்.

"எங்க படுக்கறீங்க?"

"பின்னறை."

"பால்?"

"தனிப் பால்."

"சாயங்காலம் கணப்புகிட்ட உக்காருவீங்களா?"

"உக்காரமாட்டேன்." பிறகு நோலீனைப் பார்த்து, "ஓனரம்மா விரட்டிடுவாங்க" என்றார்.

"அதெல்லாம் சேக்காதீங்க கெல்! கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று அவள் கத்தினாள். அவர் முகம் சுண்டிவிட்டது. அப்புறம் அவர் வேடிக்கை பேசவில்லை.

அந்த ஆபீஸ் கூப்பிட்டால் திரையில் எண் விழாது. வங்கியிலிருந்து மிரட்டுகிறவன் கூப்பிட்டாலும் அப்படித்தான். எண் இல்லாமல் மணி அடித்தால் அவளுக்கு உதடு வெளுத்துவிடும். எடுக்காவிட்டால் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள், எடுத்தால் எந்தக் குரலோ என்று பயம். ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் இருந்தபோதே அந்த அழைப்பு வந்தது, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல், மரியாதையான குரல்தான். வரிசையாகக் கேட்டுக்கொண்டே போயிற்று. யார் சமைப்பது, யார் துணி துவைப்பது, வெளியே சேர்ந்து போவதுண்டா. நோலீன் நாங்கள் பழகியபடியே சொன்னாள். கடைசியில் நாங்கள் பழகாத ஒன்று வந்தது.

"அவருக்கு உடம்பு சரியில்லைன்னா யார் பாத்துக்குவாங்க?"

நோலீன் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? கையை விரித்தேன்.

"அவர் பாடு அவர் பாத்துக்குவார்" என்றாள்.

"நீங்க பாத்துக்கமாட்டீங்க?"

"மாட்டேன்."

குளிர் முற்றியது. விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். கெல் அப்போதும் விறகு பிளந்து அடுக்கினார், அந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்காரத்தான் அவருக்கு வழியில்லை. மின்சாரக் கணப்பு வாங்கித் தருகிறேன் என்றேன். பில் அவள் தலையில் விழும், அதையும் கேள்வி கேட்பார்கள் என்று மறுத்துவிட்டார். எங்கள் பக்கம் நடுக்குளிர்காலமான ஜூலையில் இரும ஆரம்பித்தார். வேலைக்குப் போவதும் நின்றது. தெருவுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கிறது, ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

"போய்ப் பாருடி. ஒரு வாய் சூப்பாவது கொடு."

"கொடுத்தா நான் சொன்னது பொய்யாயிடும் கிளெனிஸ்."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"நாங்க சேந்து வாழறோம்னு யாரோ சொல்லிக் கொடுத்தாங்களே, அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? மறுபடி கூப்பிட்டுக் கேப்பாங்க. என் குரலே காட்டிக் கொடுத்துடும். எனக்குப் பொய் சொல்ல வராது, உனக்கே தெரியும்."

அது உண்மை. பொய் சொல்ல வராதவள், சொன்னதை உண்மையாக்கிவிடப் பார்த்தாள். நான் பாத்திரத்தில் சூப் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். கெல் போர்வைக்குள்ளிருந்து, "ஓனரம்மா கொடுத்தாங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டார். நான் கொண்டுவந்தது என்றதும்தான் கரண்டியைத் தொட்டார். டாக்டரிடம் போகலாம் வாருங்கள் என்றால், சளிதான், போய்விடும் என்பார். அவரும் பிடிவாதக்காரர்தான்.

ஆகஸ்டில் ஒரு காலை நோலீன் செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆபீசிலிருந்து வந்த செய்தி: விசாரணை முடிந்தது, தனியாக வாழ்கிறவள் என்று ஏற்றுக்கொண்டோம், பழைய பாக்கியும் சேர்த்து வரும். இருவரும் கட்டிக்கொண்டு குதித்தோம். நாய் குரைத்தது.

"கெல்லுகிட்ட சொன்னியா?"

"இல்ல. வா, சேந்து சொல்லலாம். இன்னிக்கு அவருக்கு நானே சூப் வைக்கறேன். அந்த ஆபீஸ்காரி வந்து எட்டிப் பாத்தாலும் சரி!"

பின்னறைக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. திறந்தோம். கெல் கோட்டைப் போட்டுக்கொண்டே படுத்திருந்தார். மூச்சு கரகரவென்று இழுத்தது, உதடு நீலம். தொட்டால் கொதித்தது. நோலீனுக்குக் கைகால் ஓடவில்லை. நான்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

வந்த பெண் இளையவள், ஊருக்குப் புதியவள். மூக்கில் குழாயைச் செருகிவிட்டு அவர் கன்னத்தைத் தட்டினாள். "ஐயா, இங்க பாருங்க. உங்க பேர் என்ன? எங்க இருக்கீங்க தெரியுதா?"

கெல் கண்ணைத் திறந்தார். அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தார். எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை.

"பின்னறை" என்றார். "தனிப் பால்."

"என்ன சொல்றார்?" என்றாள் அந்தப் பெண்.

"கணப்புகிட்ட உக்காரமாட்டேன், மேடம். அவங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல. அவங்களை விட்டுடுங்க."

நோலீன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரை வாசலுக்குத் தள்ளினார்கள். அந்தப் பெண் கையிலிருந்த கருவியில் ஏதோ தட்டிக்கொண்டே கேட்டாள்: "ஹோபார்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். கூட ஒருத்தர் வரலாம், குடும்பத்துல யாராவது. நீங்க இவருக்கு யாரு?"

தீர்ப்பு வந்த போன் நோலீனின் மேலங்கிப் பையில் இருந்தது. அவள் அந்தப் பையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் விரல் காத்திருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லித் தொலையேண்டி!" என்று கத்தினேன்.

"நான்தான் அவரைப் பாத்துக்கறவ" என்றாள் நோலீன். "பாத்துக்கல. பாத்துக்கிட்டிருக்கணும். எழுதிக்கோம்மா, என்ன வேணும்னாலும் எழுதிக்கோ." வெறுங்காலோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிழைத்தார். நுரையீரலில் பாதி வீணாகிவிட்டது என்றார்கள். இனிப் படகுப் பட்டறையும் கிடையாது, கோடரியும் கிடையாது. விறகை இப்போது நோலீன்தான் பிளக்கிறாள். அவர் வீட்டுக்கு வருகிற அன்று நான் நாற்காலியிலிருந்து நாயை இறக்கி, மயிரெல்லாம் துடைத்து, பட்டப்பகலில் தெருவின் நடுவே தூக்கிக்கொண்டு போனேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நாலு பக்கமும் முறைத்துக்கொண்டேதான் போனேன்.

உதவித்தொகை வந்துகொண்டிருக்கிறது. ஆம்புலன்ஸ்காரப் பெண் கருவியில் தட்டி எழுதியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீசுக்குப் போயிருக்குமா, போகாதா? நோலீன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வங்கித் தவணை நாள் நெருங்கினால் மட்டும் தூங்குவதில்லை.

நேற்றுச் சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். கெல் தம் நாற்காலியில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பட்டாணி சூப்பை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் போன் அடித்தது. திரையில் எண் இல்லை. நோலீன் வெளுத்துப்போனாள். கெல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க எழுந்து, பின்னறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

நோலீன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க கெல்" என்றாள். "அடிக்கட்டும். நீங்க உக்காருங்க."