எக்ஸ்பியை ஓடவைத்த வாரம்

2005 வாக்கில் திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, திருவிழா நோட்டீஸ் எல்லாம் என் கையால் அடித்தவைதான். எனக்குக் கொடுத்திருந்த கம்ப்யூட்டர் விண்டோஸ் 98 காலத்தில் வாங்கியது. யாரோ அதில் எக்ஸ்பியை ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து அது எழுந்திருக்கவே அடம்பிடித்தது.

பைண்டிங் வேலை பார்த்த அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். காலையில் நான் சுவிட்சைப் போட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துவிடுவார்.

"இருபத்திரண்டு அருள்நிறைந்த மரியே சொல்லிட்டேன்டி. இன்னும் அது முழிக்கல."

முதலாளி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார்: "அடுத்த மாசம் இத எடைக்குப் போட்டுருவோம். டிசைன் வேலைய வெளில குடுத்துக்கலாம்."

வெளியே கொடுத்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை?

அன்று சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கம்ப்யூட்டர் மாத இதழ் வாங்கினேன். எக்ஸ்பியை வேகப்படுத்துவது பற்றி நான்கு பக்கம் இருந்தது. ரெட்டியார்சத்திரம் பஸ்ஸில் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தேன். முதலில் திரையின் அலங்காரங்களை எல்லாம் நிறுத்தினேன். நீலமெல்லாம் போய்ச் சாம்பல் நிறமானது. சுவிட்ச் போட்டதும் தானாகக் கிளம்பும் புரோகிராம்கள் பதினொன்று இருந்தன. எனக்குத் தேவையில்லாத ஏழின் டிக்கை எடுத்தேன். பிறகு, சிதறிக் கிடந்த ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக்கை ஓடவிட்டேன். சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் நகர்ந்தன. டிபன் பாக்ஸோடு வந்த அக்கா சாப்பிட மறந்து நின்றார்.

"தறியில பாவு ஓடுற மாதிரியே இருக்குடி."

முடிந்ததும் அணைத்துப் போட்டேன். அக்கா மாலையை உருட்டினார். டெஸ்க்டாப் வந்து நின்றது.

"ஒம்பதுதான்டி! பத்தாவது ஆரம்பிக்கல, அதுக்குள்ள வந்துருச்சு."

அணைத்து மறுபடியும் போட்டேன். அதே ஒன்பது. அத்தோடு விட்டிருக்கலாம். பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் பற்றி இதழில் ஒரு பத்தி இருந்தது. பெயர் புரியாததை எல்லாம் நிறுத்தினேன். ஏழுக்கு இறங்கியது. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரி ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் பார்க்க வந்தார். பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் அசையவில்லை. வயரைப் பிடுங்கிச் சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, இன்னும் நேரமாகுங்களா? மண்டியில லாரி நிக்குதுங்க."

"செத்த நேரம் இருங்கய்யா."

முதலாளி பின்னால் வந்து நின்றார். "என்னத்தயோ நோண்டிட்ட போல?"

எதை எதை நிறுத்தினேன் என்று நான் எழுதி வைக்கவில்லை. சர்வீஸ் பட்டியலைத் திறந்து மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இறங்கினேன். 'பிரிண்ட் ஸ்பூலர்' என்று ஒன்று கண்ணில் பட்டது. பிரிண்ட் என்று பெயரிலேயே இருந்ததைப் புரியாதது என்று நிறுத்தியிருக்கிறேன். திரும்ப ஓடவிட்டேன். பிரிண்டர் உறுமியது. தாள் வெளியே வந்தது.

வியாபாரி உற்றுப் பார்த்தார். "மாப்பிள்ளை இனிஷியல் மாறிப்போச்சுங்களே."

திருத்தி, மறு பிரிண்ட் எடுத்து, அவர் கையில் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. முன்பெல்லாம் அந்த ஃபைல் திறக்கவே அதைவிட அதிக நேரமாகும்.

முதலாளி திரையைக் காட்டினார். "ஏன் இப்படி வெளுத்துப்போயி கெடக்கு?"

"வேகமா ஓடணும்னா நகையக் கழட்டணும்ணே."

அவர் சிரிக்கவில்லை. தானே அணைத்துப் போட்டுப் பார்த்தார். "எடைக்குப் போடுறது இருக்கட்டும். எங்க வீட்டுலயும் ஒண்ணு இதே மாதிரி இழுக்குது. ஞாயித்துக்கிழமை வாரியா?"

போனேன். அங்கே எதிர்வீட்டுக்காரரும் தன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்காகக் காத்திருந்தார்.