வெள்ளிக்கிழமைக் காய்ச்சல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நான் மலேசியாவில், ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்தேன். வீடு கோப்பெங் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். பால்மரங்கள் போய்விட்டன, லயமும் நாங்களும்தான் மிச்சம். காலை பஸ்ஸை நம்பினால் வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர்வது சாமி விட்ட வழி. அதனால் ஒரு கார் வாங்கினேன். அதுவும் எப்படிப்பட்ட கார் என்கிறீர்கள்? இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார்.

பெருமைக்காக வாங்கினேன் என்று நினைக்க வேண்டாம். சரி, கொஞ்சம் பெருமையும்தான். ஆனால் உண்மையான காரணம், அந்தப் பழைய கார் மலிவாகக் கிடைத்தது. பிள்ளைகுட்டி உள்ளவர்கள் யாரும் இரண்டு கதவுக் காரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பின் சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன் சீட்டை மடக்கி, உடம்பையும் மடக்க வேண்டும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. சிம்பாங் பூலாய் முச்சந்தியில் பட்டறை வைத்திருந்த சீனர் ஒருவர்தான் அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் இவர் எங்களோடு சரிக்குச் சரியாகத் தமிழ் பேசுவார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அவரை முதலாளி என்ற அர்த்தத்தில் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள், வண்டி ரிப்பேர் என்றால் அவரிடம்தான் போவார்கள்.

அம்மாவுக்குக் காரைப் பிடிக்கவே இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் படுத்துக் கெடக்குற காடி?" என்று ஒரு மாதம் முணுமுணுத்தார். பக்கத்து லயத்து அக்காவுக்கோ ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் ஈப்போவில் ஒரு துணித் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தார். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. தினமும் என்னோடுதான் வருவார். "ஒங் காடியில ஏறணும்னா கோயில் வாசப்படியில குனியுற மாதிரி குனியணும் லா, தங்கச்சி" என்று கிண்டல் செய்துகொண்டே முன் சீட்டில் உட்காருவார்.

மூன்று மாதம் கார் தங்கமாக ஓடியது. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஈப்போ எல்லையை நெருங்கும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. ஓரமாக நிறுத்தி ஆறவைத்துப் போனதில் அக்காவுக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் சனிக்கிழமை பட்டறைக்குக் கொண்டுபோனேன். தவுக்கே எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு, "காடி நல்லாத்தான் இருக்கு மிஸ்ஸி" என்றார். தாதிகளை அப்போது எங்கள் ஊரில் எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். திங்கள் முதல் வியாழன் வரை முள் அசையவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ஏறியது, முன்னைவிட அதிகமாக. அக்கா மறுபடியும் லேட். சனிக்கிழமை பார்த்தால் மறுபடியும் ஒன்றுமில்லை.

எதையும் கிண்டிக் கிளறிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வார்டில் நோயாளிக்குக் காய்ச்சல் சார்ட் போடுவது போல, காருக்கும் ஒரு சார்ட் போட்டேன். கிழமை, வெயிலா மழையா, முள் எங்கே நிற்கிறது, யார் காரைத் தொட்டார்கள், எல்லாம் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று கண்ணில் பட்டது. வியாழக்கிழமை எனக்குச் சீக்கிரம் வேலை முடியும். அன்று சாயங்காலம்தான் வழக்கமாகத் தவுக்கேயிடம் காரை விட்டுத் தண்ணீரும் எண்ணெயும் பார்ப்பேன். வியாழன் அவர் கை படுகிறது, வெள்ளி காய்ச்சல் வருகிறது. மருந்து கொடுத்த மறுநாள் நோயாளிக்கு உடம்பு கெட்டால் யாரைச் சந்தேகப்படுவோம்? ரிப்பேர் வேலை வரவேண்டுமென்று இவரே எதையோ நோண்டிவிடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம் வேறு.

மூன்றாவது வெள்ளிக்கிழமை புறப்படும்போது அக்காவின் முகம் சரியில்லை. "இன்னைக்கும் லேட்டா வந்தா இனிமே வர வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு, தங்கச்சி. நான் பஸ்ஸுல போயிடவா?" என்று கேட்டார். "நேத்து நான் பட்டறைப் பக்கமே போகல, இன்னைக்கு ஒன்னும் ஆகாது. ஏறுங்கக்கா" என்றேன். அவரும் குனிந்து ஏறினார். என் சார்ட்டைச் சோதித்துப் பார்க்க அவருடைய பிழைப்பைப் பணயம் வைத்திருக்கிறேன்.

சிம்பாங் பூலாய் வருவதற்குள் முள் உச்சிக்குப் போய்விட்டது. பட்டறை வாசலில் நிறுத்தும்போது முன்னாலிருந்து புகை புகையாக ஆவி. அந்த நேரத்தில் என் சார்ட் சொன்னது பொய்யாகிவிட்டது என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நேற்று அவர் காரைத் தொடவே இல்லையே. ஆனால் கோபம் வந்தால் கணக்கு எங்கே வருகிறது? போன சனிக்கிழமையே ஏதோ செய்து வைத்திருக்கிறார் என்று தோன்றியது. பக்கத்துக் காப்பிக் கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "எங்க ஆளுங்க ஒங்கள நம்பித்தானே வண்டி குடுக்குறாங்க? இப்படி ஏமாத்துறீங்களே தவுக்கே" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவர் முகம் சிவந்தது. அழும் நிலையில் நின்ற அக்காவைப் பார்த்தார். "மொதல்ல அக்கா வேலைக்குப் போகட்டும். அப்புறம் வந்து என்னத் திட்டுங்க மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஈப்போ பக்கம் பறந்துவிட்டார்.

நான் காரோடு தனியாக நின்றேன். எல்லாக் கண்ணும் என் முதுகில்தான். என்ன செய்வதென்று தெரியாமல் முன்பக்கம் போனேன். அங்கே ஒரு வாசம் வந்தது. எண்ணெய் வாசம் இல்லை, ரப்பர் வாசமும் இல்லை. சூடான சோற்றை வாழை இலையில் கட்டி வைத்தால் வருமே, அந்த வாசம். பசி நேரத்தில் எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று முதலில் நினைத்தேன். பிறகு முழங்கால் தரையில் படும்படி குனிந்தேன்.

காரின் முன்பக்கக் கம்பியில் அம்மா கட்டிய மாலை தொங்கியது. அது ஆடி மாதம். ஊரில் யாரோ கண் பட்டுவிடும் என்று சொல்லிவிட்டதால், காரைத் திட்டிக்கொண்டிருந்த அம்மாவே ஆடி வெள்ளிதோறும் விடியற்காலையில் குளித்துப் பூவும் வேப்பிலையும் கட்டிவிடுவார். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். மூன்று வெள்ளியும் அந்த மாலையைப் பார்த்தேன்தான். ஆனால் வெயிலையும் மழையையும் எழுதிய நான், யார் காரைத் தொட்டார்கள் என்று எழுதிய நான், அம்மாவை எழுதவில்லை. மாலையை விலக்கிக் கம்பிக்குள் விரலை விட்டேன். ரேடியேட்டர் மேல் போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு முழு வாழை இலை. வெந்து கறுத்துப் போயிருந்தது. காற்று உள்ளே போக வழியே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இலையைக் கையில் எடுத்ததும் எனக்கு முதலில் வந்த எண்ணம், இதைச் சாக்கடையில் போட்டுவிடலாம் என்பதுதான். அவர் திரும்பி வருவதற்குள் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. சாக்கடை வரைக்கும் போனேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய பட்டறைப் பலகை தெரிந்தது. நாளைக்கு இந்தப் பத்துப் பேரும் எங்கள் தோட்டத்திலும் ஊரிலும் போய் அவரைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். இலையைப் போடாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

மோட்டார் சத்தம் கேட்டது. "அக்கா உள்ள போயிட்டாங்க. மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே" என்றார். சத்தமாகத் திட்டியதைச் சத்தமாகத்தான் திரும்ப எடுக்க வேண்டும். இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காப்பிக் கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "தவுக்கே, தப்பு எங்க வீட்டுலதான். எங்கம்மா சாமிக்கு வச்ச எல இது. நான் பேசுனது எல்லாம் பொய். மன்னிச்சிடுங்க."

அவர் இலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேப்பிலையும் பூவும் சரி, வாழை இலை எதற்கு என்றுதான் அவருக்கு ஆச்சரியம். பிறகு சிரித்துவிட்டார். "அம்மாகிட்ட ஒன்னும் சொல்லாதீங்க மிஸ்ஸி. மனசு ஒடஞ்சிடுவாங்க. ஞாயித்துக்கெழம நான் வாரேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சும்மா கேட்பது போல இலையைப் பற்றிக் கேட்டேன். "எஞ்சின் சூட்டுல சாமி பூ வாடுதுல்ல? அதான் நடுவுல எல வச்சேன். மொதல்ல துண்டு எல வச்சேன், அப்பவும் வாடிச்சு. அப்புறம் பாதி எல. இந்த வாரம் முழுசா வச்சிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். பூ வாட வாட இலை பெரிதாகியிருக்கிறது. இலை பெரிதாகப் பெரிதாகப் பூ இன்னும் வாடியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னபடியே வந்தார். காருக்குள் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னக் கொக்கி மாட்டினார். "வெளிய தொங்குனா ரோட்டுத் தூசி எல்லாம் சாமி பூ மேல விழுதும்மா. இனிமே உள்ளுக்குப் போடுங்க" என்றார். அம்மாவுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போய், அவருக்குக் காப்பி கலக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு காருக்குக் காய்ச்சல் வரவே இல்லை. அக்கா அதே தொழிற்சாலையில் வேலை பார்த்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் கரை சேர்த்தார். நான் பேசியதைத் தவுக்கே ஒரு நாளும், விளையாட்டுக்குக்கூடச் சொல்லிக்காட்டியதில்லை.

அந்த மஞ்சள் காரில் ஏற தினமும் தலை குனிந்தேன், அது வேறு. இன்றைக்கும் ஒருவர் மேல் பழி சொல்ல வாய் துடிக்கும்போதெல்லாம் வெந்த வாழை இலையின் வாசம் எங்கிருந்தோ வருகிறது. வாயை மூடிக்கொண்டு, முதலில் என் வீட்டிலிருந்து நான் என்ன கொண்டுவந்தேன் என்று குனிந்து பார்க்கிறேன்.