இறால் குஞ்சுக்கு இரண்டு நாள் அவகாசம்

மரக்காணத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் ஓர் இறால் ஹேட்சரியில் பல வருடங்கள் டெக்னீஷியனாக இருந்தேன். குஞ்சு பொரித்து, குட்டையில் இறால் வளர்ப்பவர்களுக்குக் கொடுப்பது எங்கள் தொழில்.

ஒரு மழைக்காலக் காலையில் குட்டைக்காரர் சேகர் வேனோடு வந்து நின்றார். "பேக் பண்ணுங்க மேடம், இப்பவே எடுத்துக்கினு போறேன்."

அவர் கேனில் கொண்டுவந்த குட்டைத் தண்ணீரில் சலினிட்டி பார்த்தேன். மழை கொட்டியதில் உப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. எங்கள் தொட்டியில் இருந்ததோ கடல் தண்ணீர்.

"ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார் முதலாளி ரொசாரியோ சார்.

"இன்னா சார் நீங்க! ரால் தண்ணியிலயே கெடக்கிற ஜென்மம். எந்தத் தண்ணியா இருந்தா இன்னா?"

கேன் தண்ணீரை ஒரு பீக்கரில் ஊற்றி, கொஞ்சம் குஞ்சுகளை விட்டேன். துள்ளின. பிறகு ஒவ்வொன்றாக அடியில் சாய்ந்தன. கண்ணாடி போலிருந்த உடம்பு வெளுத்தது.

சேகரின் குரல் இறங்கிவிட்டது. "ஏன் மேடம் இப்படி ஆவுது?"

சொன்னேன். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு ஜவ்வு உண்டு. கொழுப்பு மூலக்கூறுகள் வாலோடு வால் சேர்த்து இரண்டு அடுக்காக நிற்கும். நடுநடுவே புரதங்கள். தண்ணீர் சுலபமாகக் கடந்துவிடும்; உப்பு அப்படிக் கடக்காது, அதற்குப் புரதம்தான் வழிவிட வேண்டும். வெளியே உப்பு திடீரென்று குறைந்தால் தண்ணீர் உள்ளே பாயும், செல் வீங்கும். அவகாசம் கொடுத்தால், செவுள் செல்கள் தங்கள் ஜவ்வில் சோடியம் பம்புகளைக் கூட்டிக்கொண்டு, இருக்கிற கொஞ்ச உப்பையும் ரத்தத்துக்கு இழுத்துக் கொடுக்கும்.

"இத்தினியூண்டு குஞ்சா இதெல்லாம் பண்ணுது?" என்றார் சேகர்.

தொட்டியின் உப்பு மெல்ல மெல்லக் குறையும்படி, உப்பில்லாத போர்வெல் தண்ணீரை மெல்லிய குழாயில் சொட்டவிட்டோம். மறுநாள் மதியம் சேகர் பார்க்க வந்திருந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.

"ஸ்டெல்லா, தொட்டிக்குக் காத்து நின்னுபோச்சும்மா!" என்று சார் கத்தினார்.

குஞ்சுகளின் செவுளில் இருக்கும் அந்தப் பம்புகள் சும்மா ஓடாது. சக்தி வேண்டும், சக்திக்கு ஆக்சிஜன் வேண்டும். அதிலும் அன்றுதான் அவை ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. மக்கை எடுத்து, தண்ணீரை மொண்டு, காற்றுக் கலக்கும்படி உயரத்திலிருந்து ஊற்றினேன். சாரும் பக்கெட்டோடு வந்தார். சேகர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றார். "தாங்குங்கடா கண்ணுங்களா, தாங்குங்க" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். என் தோள்பட்டை மரத்துப்போனது. யாரும் நிறுத்தவில்லை.

மெக்கானிக் வந்து ஜெனரேட்டரை ஓடவிட்டதும் தொட்டியில் குமிழிகள் எழுந்தன. குனிந்து பார்த்தேன். அடியில் சில செத்துக் கிடந்தன. மற்றவை அத்தனையும் தெளிந்த உடம்போடு, சுழலும் தண்ணீரை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தன. சார் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் குட்டையில் விடும்போது நானும் போனேன். சேகர் குஞ்சுகள் இருந்த பைகளைக் குட்டையில் மிதக்கவிட்டு, வாயைத் திறந்து, குட்டைத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளிச் சேர்த்தார். அவருடைய ஆள் பையைக் கவிழ்க்கப் போனான்.

"டேய், இரு! உள்ள வேல நடக்குது" என்றார் சேகர்.

தண்ணீரை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. அதற்கு ஏற்ப மாறுவது அந்த உயிரின் உழைப்பு. அதற்குக் காற்றும் நேரமும் கொடுத்துக் காத்திருப்பதுதான் எங்கள் தொழில் என்று அன்று கற்றுக்கொண்டேன்.