வருகையாளர் பதிவேட்டில் ஆறு ஆண்டுகள்

அந்த நகராட்சி அலுவலகத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை கிடக்கும். வெடுக்கென்று எழுந்தால் தலை படியில் இடிக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவரை ஊரே ஃபாரம் அக்கா என்றுதான் கூப்பிடும். பேத்தி எடுத்தவர்கள்கூட வந்து நின்று அக்கா என்பார்கள். அக்காவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயதுதான்.

அக்கா அங்கே என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வயிறு எரிவது உங்கள் பாடு. நகராட்சியில் வேலை காலியானால் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று விதி. ஒட்டுவார்கள், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டாம் மாடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், பழைய டெண்டர் அறிவிப்புகளுக்கு அடியில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டுவார்கள். சாவி எப்போதும் அன்று லீவில் இருப்பவரிடம் இருக்கும். அதனால் அக்கா திங்கட்கிழமைதோறும் ஏழு பிரிவுகளுக்கும் ஏறி இறங்கி, "காலியிடம் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டு, கிடைத்ததை ஒரு கரும்பலகையில் எழுதி மேசை ஓரத்தில் சாய்த்து வைப்பார். குடிநீர் மீட்டர் குறிக்க ஆறு பேர், சம்பளம் உண்டு. பூங்கா காவலர் இரண்டு பேர், சம்பளம் உண்டு. நூலகத்தில் புத்தகம் அடுக்க, சாலையோர மரங்களை எண்ண, முதலுதவிக் குழுவில் சேர ஆட்கள் தேவை, சம்பளம் கிடையாது. உண்டா கிடையாதா என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுவார். வருகிறவன் ஏமாந்துவிடக் கூடாது, பாருங்கள்.

பிறகு படிவம். கறுப்பு மையில் எழுது, போட்டோவின் மேல் பின் குத்தாதே, பிறந்த தேதியை ரேஷன் அட்டையில் பார்க்காதே, பள்ளிச் சான்றிதழில் இருப்பதை எழுது என்று ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து சொல்வார். அந்தக் கட்டடத்தில் இன்றைக்குச் சம்பளம் வாங்குகிறவர்களில் பதினொரு பேர் அக்காவின் மேசையில் படிவம் நிரப்பியவர்கள். தபால் பிரிவில் முத்திரை குத்தும் எழுத்தர் அம்மாவும் அதில் ஒருத்திதான்.

அக்காவுக்கு என்ன சம்பளம்? ஒன்றும் கிடையாது. டீகூட வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருவார்.

அக்கா வேலை பார்த்த ஆயத்த ஆடை கம்பெனியை ஆறு வருடத்துக்கு முன்னால் இழுத்து மூடிவிட்டார்கள். ஏதாவது வேலை கிடைக்காதா என்று கேட்டுத்தான் நகராட்சிக்கு வந்தார். அப்போதே அங்கே மேலாளராக இருந்தவர், சிரித்த முகக்காரர், "இப்ப போஸ்ட் எதுவும் இல்லம்மா. சும்மா இருக்கிறதுக்கு தன்னார்வலரா உட்காருங்களேன். போஸ்ட் வரும்போது இந்த அனுபவம் கை கொடுக்கும்" என்றார். அக்கா நம்பினார். பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர் அன்றைக்கே சொன்னார், "உன் தலையில நல்லா மிளகாய் அரைக்கிறாங்க." அக்கா கேட்கவில்லை.

ஏழாவது வருடம் பிறந்து மூன்று மாதம் ஆனபோது அந்த போஸ்ட் வந்தது. வேலைவாய்ப்பு உதவியாளர், நிரந்தரப் பணி, ஒரே ஒரு இடம். மாடிப்படி மேசைக்கு வருடத்துக்கு இரண்டாயிரம் பேர் வருகிறார்கள், ஆகவே பணியிடம் தேவை என்று மன்றத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். அந்த இரண்டாயிரம் அக்கா நோட்டில் கோடு போட்டு எண்ணிக் கொடுத்த கணக்கு. தகுதி: மக்களோடு பழகும் பணியில் ஐந்து வருட அனுபவம். வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அக்காவுக்கு நாற்பத்தைந்து முடிய நான்கு மாதம் இருந்தது. இதை விட்டால் இந்த ஜென்மத்தில் அரசாங்கச் சம்பளம் கிடையாது.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? அந்த அறிவிப்பையும் கரும்பலகையில் எழுதினார். சம்பளம் உண்டு, கொட்டை எழுத்தில். தன் படிவத்தைக் கொடுத்த கையோடு, கேட்டு வந்த நான்கு பேருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தார். வீட்டில் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"உனக்குப் போட்டியா நீயே ஆள் பிடிச்சு விடுறியா?"

"மறைச்சு வாங்கினா அது நல்லாவா இருக்கும்? ஆறு வருஷம் உட்கார்ந்திருக்கேன். எவன் வந்தா எனக்கென்ன?"

தகுதியானவர்கள் பட்டியல் வந்தது. அந்த நான்கு பேரில் இரண்டு பேர் இருந்தார்கள். அக்கா பெயர் நிராகரிக்கப்பட்டவர்கள் பக்கத்தில் இருந்தது. எதிரே காரணம்: அனுபவம் இல்லை.

அக்கா நேரே மேலாளர் அறைக்குப் போனார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அனுபவம் இல்லையா சார் எனக்கு?"

"இருக்கும்மா, யாரு இல்லைன்னா? ஆனா ரெக்கார்டு வேணுமே. தன்னார்வலர் வருகைப் பதிவேடுன்னு ஒண்ணு நாங்க திறக்கவே இல்லை. நீங்க தினமும் வாசல்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க பாருங்க, அது வருகையாளர் பதிவேடு."

"போடச் சொன்னது நீங்கதானே?"

"உள்ள வர்றவங்க எல்லாரும் போடணும், அது பாதுகாப்பு விதி. ரெக்கார்டு படி பார்த்தா நீங்க ஆபீசுக்கு ஏதோ கேட்டு வந்துட்டுப் போனவங்க. ஆயிரத்து எழுநூறு தடவை வந்திருக்கீங்க, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு அவர் லேசாகச் சிரிக்க வேறு செய்தார்.

அந்த மனிதர் கன்னத்தில் ஒன்று விட்டால் என்ன என்று அக்காவுக்குக் கை பரபரத்தது. மேசை மேல் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்தார். அதை எடுத்துவிடுவோமோ என்று பயந்துதான் வெளியே வந்தார். ஆறு வருடம் மழையிலும் காய்ச்சலிலும் வந்து, ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்த கை அது. தன் பெயரை மட்டும் தினமும் தவறான நோட்டில் எழுதியிருக்கிறது.

மேல்முறையீடு செய்ய பத்து நாள் அவகாசம். யாராவது ஒரு ஊழியர், இவர் இங்கே வேலை செய்தார் என்று எழுதிக் கொடுத்தால்கூடப் போதும். அக்கா தபால் பிரிவு எழுத்தரிடம் கேட்டார். அவள் முத்திரைக் கட்டையையே பார்த்துக்கொண்டு, "அக்கா, நான் இன்னும் புரொபேஷன்ல இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். மற்ற பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு சாக்கு வைத்திருந்தார்கள். ஒருவன் அக்காவைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடியேறிவிட்டான். நன்றிகெட்ட ஜென்மங்கள் என்று நான் சொல்கிறேன். அக்கா அதைக்கூடச் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் காலை அக்காவுக்கு ஓர் அழைப்பு வந்தது. அன்று சாயங்காலமே தன்னார்வலர்களுக்குப் பாராட்டுக் கூட்டமாம். இந்த யோசனை மேலாளருடையது. அந்த அம்மாவுக்கு மனசு சங்கடப்பட்டிருக்கும், கூப்பிட்டு ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தால் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஆணையர் மேடையில் கை குலுக்கி, சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்தார். அக்கா இறங்கும்போது அதை வாசித்தார். "இந்நகராட்சியின் வேலைவாய்ப்பு உதவி மேசையில் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து, இடைவெளியின்றி ஆற்றிய சிறந்த பணிக்காக." கீழே ஆணையர் கையெழுத்து, தேதி, நகராட்சியின் வட்ட முத்திரை.

பஜ்ஜி, டீ எதற்கும் அக்கா நிற்கவில்லை. எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய், சட்டத்தைத் திருப்பி ஆணிகளைப் பிடுங்கி, சான்றிதழை வெளியே எடுத்து மூன்று பிரதி எடுத்தார். மேல்முறையீட்டோடு இணைத்து மறுநாள் காலை பத்து மணிக்கே தபால் பிரிவில் கொடுத்துவிட்டார். மேலாளர் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"என்னம்மா இது? அது ஒரு மரியாதைக்குக் குடுத்தது. அதைப் போய் ஆதாரம்னு வைக்கலாமா?"

"ஆணையர் பொய்யில கையெழுத்துப் போடுவாரா சார்?"

"உங்களை சேவை மனப்பான்மை உள்ளவங்கன்னு நினைச்சோம்."

"சேவையும் செஞ்சேன். சம்பளத்துக்காகவும்தான் உட்கார்ந்தேன். முதல் நாள்லேர்ந்து அதுக்குத்தான். அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? நீங்க வெட்கப்படாம வாங்குறீங்கல்ல?"

மூன்று வாரம் ஆயிற்று. அக்கா மேசைக்குப் போவதை நிறுத்தவில்லை, வரிசையில் நிற்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அதற்குள் நேர்காணல் முடிந்து, அக்காவே படிவம் நிரப்பிக் கொடுத்த ஒரு பெண்ணுக்கு அந்த வேலை போனது. அந்தப் பெண் மேல் அக்காவுக்குத் துளி வருத்தம் இல்லை. வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் பதில் வந்தது. மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது. மேற்படி சான்றிதழ் பதிவேடுகளைச் சரிபார்க்காமல் தவறுதலாக வழங்கப்பட்டுவிட்டது. ஆகவே அதன் அசலை ஏழு நாட்களுக்குள் நகராட்சியில் திருப்பி ஒப்படைக்கவும்.

கணவர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். வழக்கமாக நான் அப்பவே சொன்னேன் என்பவர், அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, பேனாவைத் தேடி எடுத்து வந்து கொடுத்தார். கறுப்பு மை.

திங்கட்கிழமை அக்கா அலுவலகத்துக்குப் போனபோது மாடிப்படிக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். புதுப்பெண் ஒரு படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள். மேலாளர் பக்கத்திலேயே நின்றார்.

"வாங்கம்மா, வாங்க. ஒரு மாசம் கூட உட்கார்ந்து இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் பழக்கி விடுங்க. உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே."

அக்கா அவர் முகத்தை நின்று பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. அவரைக் கடந்து தபால் பிரிவுக்குப் போய் ஒரு தாளை நீட்டினார். எழுத்தர் வாங்கி வாசித்தாள். மூன்றே வரி.

"சான்றிதழைத் திருப்பித் தரத் தயாராக இருக்கிறேன். என்னிடம் வாங்கிக்கொண்ட ஆறு ஆண்டுகளின் அசலை நகராட்சி முதலில் திருப்பித் தரவும். அது கைக்குக் கிடைத்த ஏழு நாட்களுக்குள் சான்றிதழ் ஒப்படைக்கப்படும்."

எழுத்தர் முத்திரைக் கட்டையைத் தள்ளி வைத்தாள். "அக்கா, இதை நான் எப்படி உள்ள அனுப்புறது?"

"அது உன் வேலைம்மா. சம்பளம் வாங்குறல்ல?" என்றார் அக்கா. "சீல் போடு. நேரத்தையும் எழுது."