மாமாவின் வண்டிக்கு மூக்கு

எங்கள் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, செங்கல்பட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். வேலை போக மிச்ச நேரத்தில் பந்தயக் கார் ஒன்றைத் தானே கட்டினார். இஞ்சின் எங்கோ கவிழ்ந்து கிடந்த காருடையது. மேல்தகடு எண்ணெய்ப் பீப்பாயை வெட்டித் தட்டியது. இதுமாதிரி வண்டி உலகத்திலேயே ஒன்றுதான் என்பார் மாமா. அந்தமட்டில் உலகம் பிழைத்தது என்பார் அப்பா.

முதல் தடவை ஓட்டியபோது சக்கரம் ஒன்று கழன்று தனியாக ஓடிப் போயிற்று. மாமா புளியமரத்தடியில் கிடந்தார். நெற்றியில் தையல் போட்டார்கள். அத்தைக்கு அப்போது ஏழாம் மாதம். தையல் பிரிக்கும் முன்பே, மெட்ராஸ்காரர் ஒருவரோடு மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போய்த் திரும்புவதாகப் பந்தயம் பேசிவிட்டார். அத்தை அழுதாள், அம்மா தம்பியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். மாமா கேட்கவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குச் சோறு கொண்டுபோனாள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, முன்னாலிருந்த ஓட்டை எதற்கு என்று கேட்டாள். அக்கா தன் வண்டியைப் பற்றி விசாரித்ததில் மாமாவுக்குத் தாங்காத சந்தோஷம்.

"அதான்க்கா மூக்கு. அதுல காத்து போவலன்னா இஞ்சின் கொதிச்சிப் பூடும்."

அன்றைக்கு வீட்டில் அம்மா வேண்டுதலுக்குக் காசு முடிந்தாள். ஒரு காசு முடிய உள்ளங்கை அகலத் துணி போதும். அம்மா மஞ்சளில் நனைத்தது பழைய புடவையில் பாதி. பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் மாமல்லபுரத்தில் கூட்டம். வலை உலர்த்த வந்தவர்களும் நின்று பார்த்தார்கள். "இன்னா அண்ணாத்த, கட்டுமரத்துக்குச் சக்கரம் வெச்சிகினு வந்துகீறே?" என்றான் ஒருவன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, மாமா கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா அந்த மூட்டையை மூக்குக்குள் திணித்தாள். நான் பார்த்தேன். சாமி முன்னால் உட்கார்ந்து போகிறார் என்று தைரியமாக இருந்தது.

இரண்டு வண்டிகளும் போயின. சத்தம் அடங்கிய பிறகு அத்தை என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. நகம் பதிந்து வலித்தது. வெகுநேரம் கழித்து மெட்ராஸ்காரர் வண்டி மட்டும் திரும்பி வந்தது. அத்தை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா உதடு அசையச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறிய பிறகு ஒரு மாட்டுவண்டி வந்தது. அதன் பின்னால் கயிற்றில் மாமாவின் கார். மாமா முகமெல்லாம் கரி. கையில் வெந்து சுருண்ட மஞ்சள் துணி.

"இன்னாக்கா, சாமிய மூக்குலயா வெப்பாங்க?"

கூட்டம் சிரித்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் இன்னாத்த கண்டேன், படிக்காதவ" என்றாள். முந்தின நாள்தானே கேட்டுத் தெரிந்துகொண்டாள், அதற்குள் மறந்துவிட்டாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

மானம் போன மாமா மாதக்கணக்கில் வண்டியைத் தொடவில்லை. அத்தைக்குப் பையன் பிறந்தான்.

அதன்பிறகு ஒருநாள் அம்மா என்னைத் திருக்கழுக்குன்றம் மலைக்குக் கூட்டிப்போனாள். கரி பிடித்த அந்தக் காசைப் புளிபோட்டுத் துலக்கி உண்டியலில் போட்டாள். வேண்டுதல் பலித்தால்தானே காசு போடுவார்கள், மாமா தோற்றுத்தானே போனார் என்று கேட்டேன். அம்மா படியில் வழுக்கிவிடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.