முத்துலட்சுமியின் பக்கம்

போன வாரம் பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கினேன். மூடியைக் கழற்றியதும் கரிசல் தூசி மூக்கில் ஏறியது. ஈயம் பற்றவைத்த வாசம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதுபோலப் பட்டது. உடனே காசிம் அண்ணாச்சியின் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும். இந்த ரத்தக்கொதிப்புக்குக் கோபம் ஆகாது என்கிறாள் மனைவி. என்ன செய்ய, நீங்களே கேளுங்கள்.

காசிம் அண்ணாச்சி கோவில்பட்டியில் டி.வி. ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். எனக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. மில்லில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கிப் பிரித்து, ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாட்டி, ஒரு பெட்டிக்கு உயிர் கொடுத்தோம். அதை என் வீட்டு இன்டர்நெட் லைனில் இணைத்து வெப்சைட் தொடங்கினோம். அது எவனுடைய கட்டடத்திலும் இல்லை. என் வீட்டில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. பருத்தி விலை, மழை, கோவில் கொடைத் திருவிழா, துஷ்டி என்கிற சாவுச் செய்தி எல்லாம் போடுவோம். கரண்ட் போனால் வெப்சைட்டும் போய்விடும். துபாயிலிருந்து பக்கத்து ஊரான இடைசெவல்காரர் ஒருவர் போன் போட்டு, "அண்ணாச்சி, அங்கன மறுபடியும் கரண்ட் இல்லையோ?" என்பார். எங்கள் விஞ்ஞானத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் தீப்பிடித்தது. எங்கள் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம். வேலை பார்த்த பெண்கள் நாலு பேர் செத்துப்போனார்கள். பேப்பரில் 'தொழிலாளர்கள் பலி' என்று வந்தது, பெயர்கூட இல்லை. நாங்கள் வீடு வீடாகப் போனோம். இறந்துபோன முத்துலட்சுமியின் மகள் ரேவதி போட்டோவைக் கையில் கொடுத்து, "பின்வாசலப் பூட்டி வச்சிருந்தாவ. அதையும் எழுதுங்க" என்றாள். ஆளுக்கு ஒரு பக்கம் போட்டோம்; முத்துலட்சுமியின் பக்கத்தில் அதையும் எழுதினோம்.

மறுநாளே முதலாளியின் ஆள் பைக்கில் வந்து நின்றார். "எதுக்கு அண்ணாச்சி வம்பு? அத எடுத்துருங்க."

மனைவிதான் முன்னால் வந்தாள். "பெட்டி உள்ளதான் இருக்கு. என்னத் தாண்டிப் போயி எடுங்க பாப்போம். போறியளா?"

அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் வருஷக்கணக்கில் இருந்தது.

பிறகு ஒரு நாள், வெளியிலிருந்து யாருக்கும் எங்கள் வெப்சைட் திறக்கவில்லை. இன்டர்நெட் கம்பெனியைக் கேட்டால், வீட்டுக்கு வீடு இருந்த தனி இன்டர்நெட் முகவரி எண்ணை எடுத்துவிட்டு, தெருவுக்கே ஒரே எண்ணாக்கிவிட்டார்களாம். நாம் வெளியே போகலாம். வெளியாட்கள் நம்மிடம் வர முடியாது. "வீடியோ பாக்க நல்லா வருதுல்லா சார்? பெறவென்ன?" என்றாள் போனில் பேசிய பெண். நாம் வேடிக்கை பார்த்தால் போதும் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒரு பெரிய கம்பெனியின் இலவச இடத்துக்கு மாற்றினேன். "ஒட்டுக்குடித்தனம் போறோம் தம்பி, பாத்துக்கிடும்" என்றார் காசிம் அண்ணாச்சி. இன்று அவரும் இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள்.

போன மாதம் ஓர் ஈமெயில் வந்தது. முத்துலட்சுமியின் பக்கம் விதியை மீறியதாம், நீக்கிவிட்டார்களாம். எந்த விதி, யார் புகார், ஒன்றும் கிடையாது. மேல்முறையீட்டுக்கு ஒரு பட்டன் இருந்தது. ஆத்திரத்தோடு பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். கையை எடுப்பதற்குள் அதே வாக்கியம் திரும்பி வந்தது. செத்துப்போன ஒருத்தியின் பெயரைச் சொல்வதில் என்ன மீறல்? யாரிடம் கேட்பது? ஏசுவதற்குக்கூட எதிரில் ஓர் ஆள் இல்லை.

திருப்பூரில் வேலை பார்க்கும் ரேவதி போன் செய்தாள். "அம்மா பக்கம் தொறக்க மாட்டேங்குதே அண்ணாச்சி."

"போட்டோவ வாட்சப்புல அனுப்பட்டுமா?"

"போட்டோ எங்கிட்ட இருக்கு. ஊருக்குல்லா தெரியணும்."

அதற்காகத்தான் பெட்டியை இறக்கினேன். நல்லவேளை, டிஸ்க் சுற்றியது; எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. இப்போது அந்தப் பக்கம் திறக்கிறது, என் வீட்டுக்குள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை ரேவதி பஸ் ஏறி வந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுப் போனாள்.

எந்த ஊரிலிருந்தும் யாரும் திறந்து பார்க்க முடிந்த பக்கம். இன்று அதற்கு வாசகர்கள் அவள், நான், என் மனைவி.